ஆறு பார்க்க வந்தவர்கள்

"உமையா! ஏ உமையாள்!"

சித்ரலேகா மூன்றாவது முறையாகக் கத்தினாள். படித்துறையில் மகளின் செருப்பு மட்டும் கிடந்தது.

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் உமையாள் கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து அக்கா போன் செய்தாள். சிக்னல் சரியில்லை என்று சித்ரலேகா மேலே மரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால், பிள்ளையைக் காணோம்.

காருக்குள் ஏசியைப் போட்டுக் கண் அயர்ந்திருந்த கார்த்திகேசன் பதறி ஓடி வந்தான்.

"தண்ணிக்குள்ள இறங்கிட்டாளா? அவளுக்கு நீச்சல் தெரியாதே!"

"தெரியலையேங்க... இங்கனதான் இருந்தா..."

"நான் அப்பவே சொன்னேன். தீம் பார்க்னா எங்க திரும்பினாலும் கேமரா, எங்க திரும்பினாலும் காவல். நீதான் லீவுக்கு நம்ம ஊரைக் காட்டணும், ஸ்ரீவைகுண்டம் அணையைக் காட்டணும், ஆழ்வார்திருநகரி புளியமரத்தைக் காட்டணும்னு லிஸ்ட் போட்டே!"

அவள் ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். அணைக்கட்டில் தேங்கி நின்ற ஆறு சலனமே இல்லாமல் பச்சையாகக் கிடந்தது.

குளித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் முங்கித் தேடினார்கள். ஒவ்வொரு முறை அவர்கள் தலை வெளியே வரும்போதும் சித்ரலேகா கையைத்தான் பார்த்தாள். வெறுங்கை. மறுபடியும் வெறுங்கை.

கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் மூச்சு வாங்க வந்தார்.

"மஞ்சப் பாவாடை போட்ட பிள்ளையா? பதினோரு, பன்னெண்டு வயசு இருக்குமா? பேச்சித்தாய் கையைப் பிடிச்சு வாழைத்தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போனாளே, பாத்தேன்."

"யாரு அது?" என்றான் கார்த்திகேசன்.

"இலை அறுக்க வருதவ."

"முன்னப்பின்ன தெரியாத பிள்ளைய அவ எதுக்குவே தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போகுதா?" என்றார் ஒருவர்.

அந்தக் கேள்வியில் சித்ரலேகாவுக்கு ஆறு கொண்டுபோகவில்லை என்ற நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை.

எல்லோரும் தோட்டத்தைப் பார்த்து ஓடினார்கள். வரப்பு முனையிலேயே இருவரும் எதிரே வந்தார்கள். ஐம்பது வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவள் கையைப் பிடித்தபடி உமையாள். பிள்ளையின் இடுப்பில் ஒரு பழைய துண்டு சுற்றியிருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

சித்ரலேகா பாய்ந்து மகளை இழுத்து அணைத்தாள்.

கார்த்திகேசன் முதலில் மகளின் கழுத்தைப் பார்த்தான். சங்கிலி இருந்தது.

"என்னம்மா பண்ணினா உன்னை? இது என்ன அழுக்குத் துண்டு? கழட்டி எறி!"

அவன் கை நீட்டியதும் உமையாள் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு பாப்பா," என்றார் ஒருவர். "எதுக்கு அங்கன போனே? பயப்படாம சொல்லு."

"சத்தமாச் சொல்லு. நாங்க இத்தனை பேர் இருக்கோம்லா."

உமையாள் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளையக் கேக்காதீய." பேச்சித்தாய் சட்டென்று குறுக்கே வந்தாள். "நான்தான் மாம்பழம் தாரேன்னு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போனேன். தப்புதான்."

பளார் என்று சத்தம் கேட்டது.

அடித்தது கார்த்திகேசன் இல்லை. சித்ரலேகா.

"நீயெல்லாம் பிள்ளை பெத்தவதானா? தண்ணிக்குள்ள போயிட்டாளோன்னு நான் செத்துப் பிழைச்சேன்டி!"

பேச்சித்தாய் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. உமையாள் "அம்மா, வேண்டாம்மா..." என்று விம்மியது கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

இலைக் குத்தகைக்காரர் அப்பாத்துரை முன்னால் வந்தார். "ஏட்டி பேச்சி, வெளியூர்ல இருந்து வந்தவங்க முன்னால என் மானத்தை வாங்கிட்டியே. நாளையில இருந்து என் தோட்டத்துப் பக்கம் வராத."

"சரி அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னாள். இலை அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வரப்பில் பைய நடந்தாள்.

கார் கிளம்பியது. கார்த்திகேசனுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

"போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்திருக்கணும். நீதான் கிளம்புங்க, கிளம்புங்கன்னு அவசரப்பட்டே."

பின் சீட்டில் உமையாள் அம்மாவின் காதருகே சாய்ந்தாள்.

"உன்னைத்தான்மா முதல்ல தேடினேன். நீ அங்க இல்லை. சுத்தி எல்லாரும் குளிச்சிட்டு இருந்தாங்க. எனக்குப் படியை விட்டு எந்திரிக்கவே பயமா இருந்துச்சு. அவங்கதான் பார்த்துட்டு, தலைல கட்டியிருந்த துண்டை அவுத்து..."

மீதியை இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

சித்ரலேகா துண்டின் ஓரத்தை லேசாக விலக்கிப் பார்த்தாள். உடனே மூடினாள். மகளை மார்போடு சேர்த்துக்கொண்டவளுக்கு உள்ளங்கை எரிகிற மாதிரி இருந்தது.

"வண்டியைத் திருப்புங்க."

"அதான் நானும் சொன்னேன். நேரா ஸ்டேஷனுக்கே போயிரலாம்."

"ஸ்டேஷனுக்கு இல்லைங்க. நம்ம உமையா பெரியவளாயிட்டா... அதைப் பத்து ஆம்பளைங்க முன்னால சொல்லக் கூடாதுன்னுதான் அந்தம்மா பொய் சொல்லி என் கையால அடி வாங்கியிருக்காங்க."