சாயம் ஏறிய கோட்டு

முகத்தில் மட்டும் அடிக்காமல் இருந்தால் போதும். மற்ற இடங்களைக் கோட்டு பார்த்துக்கொள்ளும்.

கணவன் செல்லப்பா பெல்ட்டை உருவியபோது சந்தனமாரி அதைத்தான் நினைத்தாள். வலி ஒன்றும் குறையவில்லை. கீழே தள்ளி விலாவில் மிதித்தபோது மூச்சு நின்று திரும்பியது. ஆனால் கொஞ்ச நாளாக அவள் உடம்பில் தடமே விழுவதில்லை.

மேலகரத்தில் அவள் வேலை பார்க்கும் ஆலையில் தீப்பிடிக்காத செயற்கை இழை செய்கிறார்கள். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதில் சாயம் ஏறவில்லை. வீணாய்ப் போன வெள்ளைத் துணியில் வேலைக்காரப் பெண்களுக்கு ஓவர்கோட்டு தைத்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தும் அவள் அதைக் கழற்றுவதில்லை.

அதுவரை கோட்டில் வெளிறிய கோடுகள்தான் விழுந்திருந்தன; அன்று காலையில் அதன் விலாப்பக்கம் அடர் ஊதாவாகியிருந்தது. ஆலையின் பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர் ஜெபமலர் அந்தப் பகுதியை வெட்டிக் கொதிநீரில் போட்டார். பிறகு சுடரில் பிடித்தார். துணி கருகவில்லை, ஊதா வெளுக்கவில்லை. அதில் பதிந்திருந்த ஐந்து கால்விரல் தடங்களும் அப்படியே இருந்தன.

"ஏட்டி, என்னத்துல முக்குன? நாங்க மண்டையப் பிச்சிக்கிட்டுக் கெடக்கோம், நீ சும்மா போட்டுட்டு வார!"

"ஒண்ணுலயும் முக்கல மேடம்."

"சரி, சொல்லாண்டாம். நாளைக்கு துணி வாங்குற பையர் வாராரு. கலர் காட்டலன்னா ஆலைய மூடிருவாவ." ஜெபமலர் புதுக் கோட்டு ஒன்றை நீட்டினார். "இத வீட்டுக்குக் கொண்டு போ. காலைல இதே ஊதாவோட வா. இந்தத் தடவ முழுசும் வேணும்."

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. சந்தனமாரி கோட்டை மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தாள்.

"இன்னைக்கு நான் வீட்டுக்குப் போகல மேடம்."