தோளில் ஒரு கை

"அம்மா, என் தோள்ல இருக்கற கை யாரோடது?" என்று குழந்தை கேட்டாள். சொத்து வழக்குப் போட்ட நாத்தனார் உமையாளைக் குடும்பப் படத்திலிருந்து கணினியில் நீக்கிய தேன்மொழி, கையை மட்டும் மறந்திருந்தாள்.

"அதையும் அழி. கோர்ட்டுக்கு இழுத்தவளுக்கு நம்ம கூடத்துல என்ன வேலை?" என்று சொல்லிவிட்டுக் கணவன் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போனான்.

தேன்மொழி கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் தீத்தழும்பு. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைக் குழந்தை பிடித்து இழுத்த அன்று குறுக்கே நீண்ட கை அது. மூன்று முறை அழித்தாள்; மூன்று முறையும் உடனே திரும்ப வரவழைத்தாள். எழுந்துபோய்க் காலைப் பூஜை விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு பழைய படத்தைத் திறந்து, ஓரத்து நிழலில் நின்ற உமையாளின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினாள். அதையே அச்செடுத்துக் கூடத்து ஆணியில் மாட்டியபோது வீட்டில் யாரும் இல்லை.