பாறை சொன்னது

"தொரை, மெஷினுக்கு மாலை போட்டா ஷாக் அடிக்குமா?"

ரத்தினம்மா வாசலிலேயே நின்று கேட்டாள். அவள் பின்னால் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். தட்டில் தேங்காய், கற்பூரம், கதம்ப மாலை. லூயிசா மட்டும் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்திருந்தாள்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், சுரங்க வாய்க்கு அடுத்த தகரக் கொட்டகையில் ஹென்ரிக் எழுந்து நின்றான். டென்மார்க்கிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகிறது. பாறைக்குள் எழும் சின்னச் சத்தங்களைக் கேட்டு, ஏர் பிளாஸ்ட் வருமுன்பே சொல்லும் மெஷினை அமைப்பது அவன் வேலை. பாரம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதைத்தான் அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ரத்தினம்மாவின் அப்பா அப்படித்தான் போனார்.

அவன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எந்திரத் தொரை என்றே ஆகிவிட்டான்.

"ஷாக் அடிக்காதும்மா. ஆனா இதுக்கு மாலை வேணாம்."

"இன்னா தொரை இப்டி சொல்றீங்க? இது இல்லன்னா என் வூட்டுக்காரர் இன்னிக்கி உசிரோட கீறாரா?"

போன செவ்வாய்க்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். மதியம் இரண்டு மணி ஷிப்ட். ரத்தினம்மாவின் கணவன் சின்னப்பாவோடு அறுபது பேர் கூண்டில் இறங்கத் தயாராக நின்றார்கள். ஹென்ரிக் கையில் காகிதச் சுருளோடு ஓடி வந்தான். சூப்பரின்டென்டென்ட் முன்னால் அதை விரித்து, "எண்பதாம் லெவலுக்கு யாரும் போகக் கூடாது. மெஷின் காட்டுகிறது" என்றான். அவர் கோடுகளைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஷிப்டை நிறுத்தினார்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தரை குலுங்கியது. லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன. எண்பதாம் லெவல் இருந்த இடத்தில் வெறும் கல்தான் மிஞ்சியது.

பெண்கள் உள்ளே வந்தார்கள். பீரோ அளவு பச்சைப் பெட்டி. முகப்பில் முட்களும் பேனாக்களும். அதன் தலையில் மாலையைச் சாத்தி, கற்பூரம் ஏற்றினாள் ரத்தினம்மா. லூயிசா மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹென்ரிக் வாசலைப் பார்த்தான். வெளியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏனோக் நின்றிருந்தார்.

ஏனோக் இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் மரத்தூண் நிறுத்தியவர். இப்போது ஹென்ரிக்குக்கு உதவியாள். தினமும் காலையில் கீழே போய் ஒயர்களைப் பார்த்துவிட்டு வருவார். ஹென்ரிக் பேசும் தமிழெல்லாம் அவரிடம் கற்றதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மரப்பெட்டி மேல் சாக்பீஸால் கட்டம் வரைந்து இருவரும் ஆடுபுலி ஆடுவார்கள்.

"எங்க ஊர் யூனிவர்சிட்டில ஒரு கம்ப்யூட்டர் கீது. அதுக்கும் இந்த ஆட்டத்த கத்துக் குடுப்பேன்" என்று ஒருநாள் ஹென்ரிக் சொன்னான். "பின்னாடி ஒரு காலத்துல அது நம்மகிட்ட பேசவே பேசும்."

ஏனோக் ஆட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார். "அதுக்குத் தோத்தா வருத்தமா இருக்குமா?"

"இருக்காது."

"அப்போ அதோட ஆடி இன்னா பிரயோஜனம் தொரை?"

அன்று இரவு ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஹென்ரிக் அந்தக் கேள்வியைத்தான் எழுதினான்.

"ஏனோக் அண்ணா, அங்கியே நின்னா எப்டி?" என்று ரத்தினம்மா கூப்பிட்டாள். "நீங்களுந்தான தினம் அந்த லெவலுக்குப் போனீங்க? வந்து ஒரு கும்பிடு போடுங்க."

ஏனோக் உள்ளே வந்தார். மெஷின் முன்னால் நின்று அமைதியாகக் கை கூப்பினார்.

ஹென்ரிக்கின் முகம் சிவந்தது. இரண்டு எட்டில் போய் மாலையை மெஷின் மேலிருந்து எடுத்தான்.

"வேணாம் தொரை," என்றார் ஏனோக், தணிந்த குரலில். "சூப்பரின்டென்டென்டுக்குத் தெரிஞ்சா உங்க வேல பூடும்."

"போவட்டும் அண்ணா."

மாலையை ஏனோக்கின் கழுத்தில் போட்டான். பிறகு குனிந்து, அவன் ஊரில் யாரும் செய்யாததைச் செய்தான். அவர் காலைத் தொட்டான். ஏனோக் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா தொரை இது? சாமிக்குப் போடற மாதிரி அதுக்குப் போட்டோம். அத எடுத்து..." ரத்தினம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா," என்றான் ஹென்ரிக். "செவ்வாக்கெழமை காலைல அண்ணா மேல வந்தாரு. 'பாறை பேசுது தொரை, தூண்ல காது வெச்சிக் கேட்டேன், இன்னிக்கி வெடிக்கும். ஷிப்ட் பாஸ்கிட்ட சொன்னேன், குடிச்சிருக்கியான்னு கேக்கறாரு'ன்னு சொன்னாரு. தூணு நிறுத்தறவர் சொன்னா கேக்க மாட்டாங்க. மெஷின் சொன்னா கேப்பாங்க."

ஹென்ரிக் பெட்டியின் பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே காலியாக இருந்தது.

"அந்தக் கோடெல்லாம் நான் பென்சில்ல போட்டது. இதுக்குள்ள வெக்க வேண்டிய சாமான் இன்னும் மெட்ராஸ் ஹார்பர்லயே கீது."