ஒரே ஒரு சிவப்பு

மணிக்கட்டுப் பட்டை பச்சையானால் மனம் குணமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு நோயாளிக்குச் சிவப்பு விழுந்தாலும் மனநல மையத்துக்கு ஆராய்ச்சி நிதி கிடையாது. அதனால்தான் உளவியலாளர் ரூபன், அளவெடுக்கும் முன் என் தம்பி இருதயராஜுக்குக் காமெடி போட்டுக் காட்டினார். சிரித்தான். பச்சை விழுந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த வாரமே அவனைப் புதைத்தோம்.

அவன் அக்கா என்று சொல்லாமல் நானும் ரூபனிடமே சிகிச்சைக்குச் சேர்ந்தேன். உண்மையிலேயே குணமாக்கினார். தூக்கம்கூட வந்தது.

இன்று கடைசி அளவெடுப்பு. உள்ளே போகுமுன், தம்பி கடைசியாக அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன்.

"அக்கா, குணமாயிடுச்சுன்னு அனுப்பிட்டாங்க. பயமா இருக்கு. சீக்கிரம் வா."

உள்ளே அளவெடுத்ததும் பட்டை சிவந்தது. ரூபனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்னம்மா இது? மத்த எல்லாருக்கும் பச்சைதான். நீங்க ஒருத்தர் போதும், மையத்தையே மூடிடுவாங்க. கொஞ்சம் காமெடி பாக்கறீங்களா?"

"போடுங்க சார். என் தம்பி இருதயராஜுக்குப் போட்டீங்களே, அதையே போடுங்க."

திரையைத் தொடப்போன கை அப்படியே நின்றது.

நானே தொட்டு ஓடவிட்டேன். தம்பி சிரித்ததாகச் சொன்ன இடம் வந்தது. பட்டை இன்னும் சிவந்தது.

மையத்தை மூடினால் எனக்கும் தூக்கம் போய்விடும். போகட்டும்.