கயர்க்கும் இலை

கிரெய்கிபர்ன் நகருக்கு வடக்கே மேய்ச்சல் நிலத்தில் காலை வெயில் இன்னும் பனியைக் குடித்து முடிக்கவில்லை. போன வசந்தத்தில் இங்கே குளோவர் என்ற தீவனச் செடியை மட்டும் மேய்ந்த இரண்டு பசுக்கள் வயிறு ஊதிச் செத்துப்போயின. இந்த வருடம் குளோவருக்கு நடுவே மஞ்சள் பூப் பயறினச் செடியொன்றும் விதைத்திருக்கிறார்கள். பண்ணையில் வேலை செய்யும் ஜோன்சன் அதன் இலையொன்றைக் கிள்ளி மென்று துவர்ப்பில் முகத்தைச் சுளிக்கிறார். “வாழைப்பொத்தி மாதிரிக் கயர்க்குது. மாடு தின்னுமே?” ஆய்வுகூடத்திலிருந்து வந்திருக்கும் யசிந்தா இலைகளைப் பையில் அடைத்தபடி சிரிக்கிறாள். “அந்தக் கயர்தான் அண்ணா வயித்துக்குள்ள நுரை கட்ட விடாது. நுரை கட்டினா ஏப்பம் வராது, காத்து அடைபட்டு வயிறு ஊதும். கூடினாத்தான் பிழை, தின்னாது, சத்தும் பிடிக்காது.” மாடுகள் ஒரு மணி நேரமாகத் தலை நிமிராமல் தின்கின்றன. செத்த பசுவொன்றின் கிடாரிக்குப் பக்கத்தில் போய் ஜோன்சன் அதன் இடப்பக்க வயிற்றை விரலால் தட்டுகிறார். அன்று தாயின் வயிறு மேளம்போல அதிர்ந்தது. இன்று பிசைந்த மாவைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கிறது. நம்பாமல் மறுபடியும் தட்டுகிறார். முடிவைக் குறிக்க யசிந்தாவின் பேனா தாளுக்கு மேலே நிற்கிறது. கிடாரி கழுத்தை நீட்டி, அவர் முகத்துக்கு நேரே, நீளமாக ஓர் ஏப்பம் விடுகிறது. அந்தப் பச்சை வாடையை ஜோன்சன் கண்ணை மூடி முழுதாக வாங்கிக்கொள்கிறார். “எழுதும், பிள்ளை,” என்கிறார், “நேரத்தையும் போடும்.”