ஐந்தெழுத்துக்கு ஆறு பாயிண்ட்

எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைத்து விளையாடும் பாங்காக் ஸ்கிராபிள் கிளப்பில் சிரினை அசைக்க ஆளில்லை. எந்த எழுத்துகளைக் கொடுத்தாலும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களாகக் கொட்டுவாள்.

அவளிடம் மனதைத் திறக்கத் தெரியாமல் தவித்த கிட்டிக்கு இன்று எழுத்துகள் கைகொடுத்தன. உயிராய் நேசிப்பதைச் சொல்லும் 'அடோர்' (ADORE) என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைப் பலகையில் அடுக்கிவிட்டு, அவள் முகத்தையே பார்த்தான்.

"ஆறு பாயிண்ட்தான்," என்றாள் சிரின். "ஓரக் கட்டத்துல வெச்சிருந்தா மூணு மடங்கு கிடைச்சிருக்கும்ல?"

கிட்டியின் முகம் தொங்கிப்போனது. "அதோட அர்த்தம் உனக்குப் பிடிக்கலையா?"

"அர்த்தமா? நான் வார்த்தைகளை மட்டும்தான் மனப்பாடம் பண்ணினேன். எனக்கு இங்கிலீஷ்ல ஒரு காபி வாங்கக்கூடத் தெரியாதுப்பா."

கிட்டி அதையே தாய்லாந்து மொழியில் சொன்னான்.

சிரினுக்கு முகம் காதுவரை சிவந்தது. "இதை எங்க வெச்சாலும் மூணு மடங்குதான்."