மடக்கிய விரல்கள்

பாரூரிலிருந்து பெண் பார்க்க வந்து, சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த மாதப்பனை முனிசாமிக்குப் பிடித்துவிட்டது. தங்கை சென்னம்மாளுக்கு இந்த இடம் முடிய வேண்டுமே என்ற தவிப்பில் அவன் வாய் ஓயவில்லை.

“நீங்க எங்க எதிரிக் காலேஜாமே, மாப்பிள்ளை! மேட்ச்சுல எங்க பசங்க இப்படிக் காட்டுவாங்களே, பார்த்திருக்கீங்களா?” இரண்டு விரல்களை மடக்கிக் கையை உயர்த்தினான்.

“பார்த்திருக்கேங்க.”

“ஆரம்பிச்சதே நான்தான்! ஐம்பத்தாறு ஃபைனல்ல உங்க கோல்கீப்பருக்கு ரெண்டு விரல் கிடையாது. கேலிக்கு மடக்கிக் காட்டினேன். கூட்டமே மடக்கிருச்சு!”

“அவர் யாருன்னு தெரியுமா?”

“அவ்வளவு தூரத்துல மூஞ்சி எங்கே தெரிஞ்சுது?”

சென்னம்மாள் காபி கொண்டுவந்தாள். இடக்கையால் வாங்குவது முறையல்ல. மாதப்பன் சால்வைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்து, இருந்த மூன்று விரல்களால் டம்ளரைப் பிடித்தான்.

முனிசாமியின் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. மடக்கிய விரல்களை விரிக்க அவனுக்கு வரவில்லை.